கட்டுச்சோறு கட்டிக்கொண்ட நெருப்பு

ரியுகு என்ற சிறுகோள் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத கரும்பாறைக் குவியல். 2019 ஏப்ரல் 5 அன்று ஜப்பானின் ஹயாபுசா-2 விண்கலம் அதற்கு 500 மீட்டர் உயரத்தில் வந்து நின்றது. வயிற்றிலிருந்து கூம்பு வடிவப் பெட்டி ஒன்றை மெல்லக் கழற்றிவிட்டது. விட்ட கையோடு ஓட்டம் பிடித்தது. நாற்பது நிமிடத்தில் சிறுகோளின் மறுபக்கம் போய் ஒளிந்துகொள்ள வேண்டும்; அதற்குள் போகாவிட்டால் தான் வைத்த வெடியில் தானே சிக்கிக்கொள்ளும்.

பெட்டிக்குள் இருந்தது நான்கரை கிலோ அளவில் ஹெச்.எம்.எக்ஸ். வகை வெடிமருந்து. அதன் வாயை மூடியிருந்தது தாம்பாளம் போன்ற ஒரு செம்புத் தகடு. குறித்த நேரத்தில் மருந்து வெடித்தது. தகடு வளைந்து, திரண்டு, ஒரு குண்டாகி, நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ரியுகுவின் மேல் பாய்ந்தது. போகிற வழியில் விண்கலம் விட்டுச்சென்ற குட்டிக் கேமரா மட்டும்தான் அங்கே சாட்சி. பாறையிலிருந்து புழுதி விசிறிபோல எழுவது அதன் படத்தில் பதிவாகியிருக்கிறது. பின்னர் திரும்பிவந்து அளந்து பார்த்தபோது பள்ளத்தின் விட்டம் 14.5 மீட்டர். ஒரு வீட்டையே உள்ளே இறக்கி வைக்கலாம்.

இதில் ஒரு கேள்வி உறுத்த வேண்டும். எரியும் மெழுகுவத்தியின் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சற்று நேரத்தில் சுடர் அணைந்துவிடுகிறது. தீ எரியக் காற்று வேண்டும் என்பதற்கு ஆறாம் வகுப்பிலேயே காட்டப்படும் சாட்சி அது. காற்று துளிகூட இல்லாத ரியுகுவில் நான்கரை கிலோ மருந்து எப்படி வெடித்தது?

டம்ளர் சோதனை பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறது. நெருப்புக்கு வேண்டியது காற்று அல்ல. காற்றில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் ஆக்சிஜன். மெழுகும் விறகும் பெட்ரோலும் அந்த ஆக்சிஜனை வெளியே வாங்கித் தின்பவை. ஊரில் கடை இல்லையென்றால் பட்டினிதான். வெடிமருந்தோ கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள். பழைய கரிமருந்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். பொட்டாசியம் நைட்ரேட் என்று வேதியியல் பெயர் கொண்ட அந்த வெடியுப்பின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. சூடு பட்டதும் அவை கழன்று பக்கத்திலிருக்கும் கரியோடு சேர்கின்றன. வெளிக்காற்றுக்கு அங்கே வேலையே இல்லை. ஹெச்.எம்.எக்ஸ். இன்னும் ஒரு படி மேலே. எரிபொருளும் ஆக்சிஜனும் தனித்தனிப் பொட்டலம்கூட இல்லை. ஒரே மூலக்கூறுக்குள் நான்கு கார்பனும் எட்டு ஆக்சிஜனும் இருக்கின்றன.

ராக்கெட்டும் இதே ஜாதிதான். எரிபொருளோடு ஆக்சிஜனையும் தொட்டியில் நிரப்பிக்கொண்டுதான் அது கிளம்புகிறது. ஆகாய விமானம் போகிற வழியில் காற்றை உறிஞ்சிக்கொள்ளும், ராக்கெட்டுக்கு அந்த வசதி இல்லை.

இந்த வேறுபாடு பெரிய பத்திரிகைகளுக்கே ஒரு காலத்தில் பிடிபடவில்லை. 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தன் தலையங்கப் பக்கத்தில் ராபர்ட் கோடார்ட் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியரைக் கிண்டலடித்தது. வெற்றிடத்தில் ராக்கெட் எதை உதைத்துக்கொண்டு முன்னேறும், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் இயற்பியல்கூட இவருக்குத் தெரியாதா என்ற தோரணை. உண்மையில் ராக்கெட் காற்றை உதைப்பதில்லை. தான் கக்கும் வாயுவைப் பின்னால் தள்ளித்தான் முன்னால் போகிறது. கோடார்ட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காற்றகற்றிய குழாய்களுக்குள் சிறு ராக்கெட்டுகளைக் கொளுத்திப் பார்த்திருந்தார். காற்றில் கிடைத்ததைவிட உந்துவிசை சற்று அதிகமாகவே கிடைத்தது. வெளியேறும் வாயுவுக்கு எதிரே நின்று மல்லுக்கட்டக் காற்று இல்லையே! அப்பல்லோ-11 நிலவை நோக்கிக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, பத்திரிகை தன் தவறைத் திருத்திக்கொண்டது. அதைப் படிக்க கோடார்ட் இல்லை. அவர் 1945-லேயே இறந்துவிட்டார்.

ஆக்சிஜன் கையில் இருந்தால் போதும், விண்வெளியில் எதையும் கொளுத்தலாம் என்று இப்போது தோன்றும். அங்கேதான் சிக்கல்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வெடிக்காமல் நமத்துப்போன பட்டாசுகளைப் பையன்கள் பொறுக்கிச் சேர்ப்பார்கள். பிரித்து, உள்ளே இருக்கும் மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவார்கள். பெரியவர்கள் பார்த்தால் முதுகில் ஒன்று விழும். டமார் என்று வெடித்திருக்க வேண்டிய அதே மருந்து, பிரித்துக் கொட்டியதும் புஸ்ஸென்று சீறி அடங்கிவிடும். மருந்து மாறவில்லை, சுற்றியிருந்த கட்டு போய்விட்டது. அணுகுண்டு என்று விற்கும் வெடிக்கு நூலை இறுக்கி இறுக்கிச் சுற்றுவது அழகுக்காக அல்ல. உள்ளே பிறக்கும் வாயு தப்பி ஓடாமல் அடைபட்டு, அழுத்தம் ஏறி, அந்த அழுத்தம் எரிவதை இன்னும் விரைவாக்கி, கடைசியில் கட்டைப் பிய்த்துக்கொண்டு வர வேண்டும்.

தீக்கு ஆக்சிஜன் எவ்வளவு முக்கியமோ அழுத்தமும் அந்த அளவுக்கு முக்கியம். எரியும் ஒரு மருந்து மணி, பக்கத்து மணிக்குச் சூட்டைக் கடத்துவது தன்னிடமிருந்து கிளம்பும் சூடான வாயுவின் மூலமாகத்தான். சுற்றிலும் வெற்றிடம் என்றால் அந்த வாயு பிறந்த நொடியே நாலாபக்கமும் சிதறி ஓடிவிடும். சூட்டையும் தன்னோடு கொண்டுபோய்விடும். பக்கத்து மணி சூடேறாமலே உட்கார்ந்திருக்கும். காற்றகற்றிய கண்ணாடிக் கலத்துக்குள் கரிமருந்தைக் கொட்டிச் சூடாக்கிப் பார்த்தவர்கள் கண்டது இதுதான்: சூடுபட்ட இடத்து மணிகள் எரிந்தன, குவியல் முழுக்கத் தீ தாவ மறுத்தது.

வெற்றிடம்வரை போகக்கூட வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்திய மலைப்பகுதிகளில் பணியாற்றிய பிரிட்டிஷ் பீரங்கிப் படையினர், உயரம் ஏற ஏறக் குண்டுகளின் திரி மெதுவாக எரிவதைக் கவனித்தார்கள். குறித்த நொடியில் வெடிக்க வேண்டிய குண்டு தாமதித்தால் படைக்கு அது உயிர்ப் பிரச்சினை. எட்வர்ட் ஃபிராங்க்லேண்ட் என்ற ஆங்கில வேதியியலாளர் இதை முறையாக ஆராய்ந்தார். 1859-இல் அவர் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளரோடு மெழுகுவத்திகளைச் சுமந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் உச்சிக்கே போய்வந்திருந்தார். உச்சியிலும் அடிவாரத்திலும் ஒரே கால அளவு எரியவிட்டு, எவ்வளவு மெழுகு செலவாகியிருக்கிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். செலவு ஏறக்குறைய ஒன்றுதான். வெளிச்சம் மட்டும் உச்சியில் மங்கிப்போனது. காற்றை உண்டு வாழும் மெழுகுவத்தி மலை உச்சியிலும் அதே வேகத்தில் எரிகிறது, ஆக்சிஜனை மடியில் கட்டிவைத்திருக்கும் திரி தள்ளாடுகிறது. எதிர்பார்ப்புக்கு நேர்மாறான இந்த முடிவுதான் அழுத்தத்தின் பங்கை அவருக்குக் காட்டிக்கொடுத்தது.

இந்தப் பாடத்தின் நிழல் 2014-இல் ஒரு வால்நட்சத்திரத்தின் மேல் விழுந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஃபிலே என்ற தரையிறங்கி, நவம்பர் 12 அன்று 67பி என்ற வால்நட்சத்திரத்தைத் தொட்டது. அங்கே ஈர்ப்பு இல்லாத குறைதான். தொட்டதும் பந்துபோல் எகிறிவிடும். அதனால் தரையில் ஊன்றிக்கொள்ள இரண்டு ஈட்டிகளை வைத்திருந்தார்கள். ஈட்டியை ஏவ 0.3 கிராம் நைட்ரோசெல்லுலோஸ் என்ற மருந்து. ஃபிலே தொட்டது, ஈட்டிகள் பாயவில்லை. அது எகிறி மேலே போய், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிதந்து, மறுபடி விழுந்து, மறுபடி எகிறி, கடைசியில் ஒரு பாறை நிழலில் சாய்ந்து கிடந்தது.

கோபன்ஹேகன் சபார்பிட்டல்ஸ் என்பது டென்மார்க்கில் ஆர்வலர்கள் சேர்ந்து ராக்கெட் கட்டும் குழு. 2013-இல் அவர்கள் நைட்ரோசெல்லுலோஸை வெற்றிடக் கலத்தில் கொளுத்திப் பார்த்தபோது அது நம்பும்படியாகப் பற்றிக்கொள்ளவில்லை. கைக்காசு போட்டு ராக்கெட் விடுகிறவர்களின் பட்டறைக்கு எட்டிய இந்தச் செய்தி, ஃபிலே கிளம்பி ஒன்பது ஆண்டுக்குப் பிறகு வந்தது. 2004-இலேயே வண்டி ஏறிவிட்ட மருந்தை யார் மாற்ற முடியும்? ஈட்டிகள் மக்கர் செய்ததற்கு மின்சுற்று முதலாக வேறு காரணங்களும் பேசப்பட்டன. ஆனால் சந்தேகப் பட்டியலில் அந்த 0.3 கிராமுக்கும் ஓர் இடம் உண்டு.

அப்படியானால் ரியுகுவில் மட்டும் எப்படி? எரிவது வேறு, வெடிப்பு வேறு. கரிமருந்திலும் நைட்ரோசெல்லுலோஸிலும் தீ மணிக்கு மணி தாவுகிறது. ஹெச்.எம்.எக்ஸுக்குள் ஓடுவது தீ அல்ல, அதிர்வலை. நொடிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் அந்த அலை, போகிற போக்கில் மூலக்கூறுகளை நசுக்கி உடைக்கிறது. அலையின் முகப்பில் இருக்கும் அழுத்தம் நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப்போல லட்சக்கணக்கான மடங்கு. வாயு தப்பி ஓட நினைப்பதற்குள் கதை முடிந்துவிடுகிறது. வெற்றிடத்துக்கு அஞ்சுவது மெதுவான தீதான். வேகமான வெடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தீக்குச்சி தோற்றுப்போகும் இடத்தில் வெடிகுண்டு ஜெயிக்கிறது என்பது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் செய்திதான்.

ராக்கெட் எஞ்சின் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பிள்ளை. அதற்குள் எரிவது தீதான். எனவே அழுத்தம் வேண்டும். எரிகிற அறையின் கழுத்தைக் குறுக்கி உள்ளே அழுத்தத்தைத் தேக்குகிறார்கள். எரிய ஆரம்பித்துவிட்டால் தன் அழுத்தத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். பற்றவைக்கும் அந்த முதல் நொடிதான் கண்டம். வால்வைத் திறந்ததும் வெற்றிடத்துக்குள் பீய்ச்சப்படும் திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியாகிற அவசரத்தில் மீதித் திரவத்தின் சூட்டையும் பறித்து உறையவைக்கும். மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனையும் கையாளும் கிரையோஜெனிக் எஞ்சினில் இது இன்னும் கூர்மையான தலைவலி.

இந்தத் தலைவலிக்கு வைத்தியம் பார்க்கும் இடம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. மகேந்திரகிரி மலையடிவாரத்தில் உள்ள இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில், உயரத்தில் நிலவும் சூழலை மண்ணிலேயே உண்டாக்கும் ஒரு சோதனைக்கூடம் உண்டு. எஞ்சினை ஒரு கலத்துக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பற்றுகிறதா என்று பார்ப்பார்கள். சந்திரயான்-3-ஐச் சுமந்த எல்.வி.எம்-3 ராக்கெட்டின் மேலடுக்கில் இருக்கும் சி.இ-20 எஞ்சின், 2025 பிப்ரவரி 7 அன்று அங்கே வெற்றிடச் சூழலில் பற்றவைத்துச் சோதிக்கப்பட்டது. விண்ணில் ஒருமுறை அணைத்த எஞ்சினை மறுபடி பற்றவைக்க வேண்டும் என்பது நோக்கம். வெளியே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஊரையே தூக்கிக்கொண்டு போகும் வட்டாரத்தில், உள்ளே ஒரு கலத்தில் காற்றே இல்லாமல் செய்ய மெனக்கெடுகிறார்கள்.

பற்றவைக்கும் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சில திரவ ஜோடிகள் ஒன்றையொன்று தொட்டாலே எரியும். பொறி வேண்டாம், திரி வேண்டாம். நச்சுத்தன்மை கடுமை, கையாளுகிறவர்கள் தலைமுதல் கால்வரை கவச உடை போட வேண்டும். ஆனாலும் திரும்பிவர ஒரே வழி இந்த எஞ்சின்தான் என்ற நிலையில் இதைவிட நம்பகமானது கிடையாது. அப்பல்லோ வீரர்கள் நிலவிலிருந்து கிளம்பியது இப்படிப்பட்ட ஜோடியை நம்பித்தான். நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரம் தரையிறங்கியும் அப்படியே. 2023 செப்டம்பர் 3 அன்று விக்ரம் தன் எஞ்சின்களை மறுபடி உயிர்ப்பித்து 40 சென்டிமீட்டர் எழும்பி, சற்றுத் தள்ளி உட்கார்ந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனாலும் காற்றில்லாத ஊரில் இறங்கி நின்ற எஞ்சின், இரண்டாம் முறையும் பற்றியது.

சரி, வெடித்த பிறகு என்ன ஆகிறது? சினிமாவில் விண்கலம் வெடித்தால் ஆரஞ்சு நிறத் தீப்பந்து புரண்டு எழும், தியேட்டர் நாற்காலி அதிரும். இரண்டுமே பூமியிலிருந்து கடன் வாங்கியவை.

தீப்பந்தை முதலில் பார்க்கலாம். டி.என்.டி. மூலக்கூறில் ஏழு கார்பன் இருக்கிறது, ஆக்சிஜனோ ஆறுதான். கட்டுச்சோறு பற்றவில்லை. பூமியில் வெடித்ததும் மிஞ்சிய கரிப்புகை சுற்றியுள்ள காற்றில் கலந்து மீண்டும் எரிகிறது. நாம் பார்க்கும் உருளும் நெருப்பில் பெரும்பங்கு இந்த இரண்டாம் பந்திதான். டி.என்.டி. காற்றில் முழுவதுமாக எரிந்தால் கிடைக்கும் வெப்பம், வெடிப்பில் மட்டும் கிடைப்பதைவிட மூன்று மடங்குக்கும் மேல். வெற்றிடத்தில் இரண்டாம் பந்தி கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு பளிச். அதன்பின் எல்லாத் திசையிலும் ஒரே சீராக விரிந்து மங்கும் ஒரு பனிமூட்டம்.

அடுத்தது அடி. பூமியில் குண்டு வெடித்தால் தூரத்து வீட்டு ஜன்னல் நொறுங்குவது, வெடி காற்றைத் தள்ளி, அந்தக் காற்று அடுத்த காற்றைத் தள்ளிக்கொண்டு போவதால். விண்ணில் தள்ளுவதற்கு ஆளில்லை. வெடியில் பிறந்த வாயு மட்டுமே நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. பத்து மடங்கு தூரம் போவதற்குள் அதன் அடர்த்தி ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். பக்கத்தில் இருப்பவனுக்கு மரண அடி. சற்றுத் தள்ளி இருப்பவனுக்கு ஊதிவிட்டதுபோல.

ஆனால் தரை இருந்தால் விஷயம் வேறு. 1972 டிசம்பரில் அப்பல்லோ-17 வீரர்கள் நிலவில் எட்டு வெடிப் பொட்டலங்களை அங்கங்கே வைத்துவிட்டு வந்தார்கள். சிறியது 57 கிராம், பெரியது 2.7 கிலோ. ஹெக்ஸாநைட்ரோஸ்டில்பீன் என்ற, சூட்டுக்கும் வெற்றிடத்துக்கும் அசராத மருந்து. வீரர்கள் நிலவைவிட்டுக் கிளம்பிய பிறகு அவை வெடித்தன. சத்தம் கேட்கக் காற்றும் இல்லை, காதும் இல்லை. மண்ணில் ஊன்றிய அதிர்வுமானிகள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. நிலத்துக்குள் அதிர்வு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் என்ன இருக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

அணுகுண்டு கதை தனி. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்பது சோதனையின் பெயர். காளான் மேகம் எழவில்லை, யார் வீட்டு ஜன்னலும் அதிரவில்லை. ஆனால் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் ஹவாய்த் தீவில் தெருவிளக்குகள் சில நூறு அணைந்தன, வானம் சிவந்து துருவ ஒளிபோலச் சுடர்ந்தது. காற்றைத் தள்ளுவதில் செலவாகியிருக்க வேண்டிய ஆற்றல் கதிர்வீச்சாகத் தடையின்றிப் பாய்ந்ததன் விளைவு இது. குண்டு கக்கிய எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்டு ஒரு செயற்கைக் கதிர்ப்பட்டையாகச் சுற்றின. மறுநாளே ஏவப்பட்ட டெல்ஸ்டார் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளும் அதில் அடிபட்டுச் சில மாதங்களில் ஊமையானது. வெற்றிடத்தில் வெடி சாதுவாகிவிடுகிறது என்று யாராவது சொன்னால் டெல்ஸ்டாரைக் கேட்கச் சொல்லலாம்.

சில்லுகள் அதைவிட மோசம். பூமியில் பறக்கும் சில்லைக் காற்று இழுத்துப் பிடித்துத் தரையில் போடும். சுற்றுப்பாதையில் பிடிக்க யாருமில்லை. 2001 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-3 தன் வேலையைக் கச்சிதமாக முடித்தது. செயற்கைக்கோள்களை இறக்கிவிட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த அதன் நான்காம் அடுக்கு, டிசம்பர் 19 அன்று வெடித்துச் சிதறியது. 300-க்கும் மேற்பட்ட துண்டுகள் கணக்கில் வந்தன. தொட்டாலே எரியும் திரவ ஜோடி தொட்டியில் மிச்சம் கிடந்தால், வெயிலில் காய்ந்து நிழலில் உறைந்து சுற்றும் கலத்துக்கு அது மடியில் கட்டிய நெருப்பு. இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1961-இலேயே அமெரிக்காவின் ஏபிள்ஸ்டார் அடுக்கு ஒன்று வெடித்து இந்தப் பட்டியலைத் தொடங்கிவைத்தது. வேலை முடிந்ததும் மிச்ச எரிபொருளை வெளியே திறந்துவிட்டுத் தொட்டியைக் காலி செய்யும் வழக்கத்தை இஸ்ரோ இதன் பிறகு பி.எஸ்.எல்.வி-யில் கொண்டுவந்தது. சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடுகிற புத்திதான்.

விண்வெளி வெடிகளில் ஊருக்கே தெரிந்தது அப்பல்லோ-13-இல் நடந்தது. ஒரு நெருப்பு எந்த அளவுக்குச் சொந்தக் காலில் நிற்க முடியும் என்பதற்கு அதைவிட உதாரணம் இல்லை. 1970 ஏப்ரல் 13, பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், வீரர்கள் வழக்கம்போல ஆக்சிஜன் தொட்டியைக் கலக்கிவிடும் விசிறியைப் போட்டார்கள். தொட்டிக்குள் ஓடிய கம்பியின் டெஃப்லான் உறை, புறப்படும் முன் தரையில் நடந்த ஒரு தவறில் ஏற்கெனவே கருகியிருந்தது. பொறி தெறித்தது. வாணலிக்குப் பூசுகிற டெஃப்லான் எளிதில் எரியாத பொருள்தான். ஆனால் அடர்ந்த தூய ஆக்சிஜனுக்குள் எரியாதது என்று அநேகமாக எதுவும் இல்லை. உள்ளே தீ, வெளியே வெற்றிடம், நடுவே ஒரு உலோகச் சுவர். சுவர் தோற்றது. கலத்தின் பக்கவாட்டுத் தகடு ஒன்று முழுசாகப் பிய்த்துக்கொண்டு போனது.

மூன்று வீரர்களுக்கும் டமார் என்று கேட்டது. விண்வெளியில் சத்தம் பரவாது என்பார்களே? வெற்றிடத்தில் பரவாது, கலத்தின் உலோகத்தில் பரவும், அவர்களைச் சுற்றியிருந்த காற்றில் பரவும். தண்டவாளத்தில் காது வைத்து ரயில் வருகிறதா என்று பார்ப்பதுபோலத்தான். பிறகு அவர்களில் ஒருவரான ஜிம் லோவெல் ஜன்னலுக்கு வெளியே ஏதோ வாயு கசிந்து ஓடுவதைப் பார்த்தார். அவர்கள் மூச்சுக்கும் மின்சாரத்துக்கும் வைத்திருந்த ஆக்சிஜன் அது.

ஆக, விண்வெளியில் உண்மையான பயம் வெளியே இருக்கும் வெற்றிடத்தில் எரியும் தீ அல்ல. மனிதர்கள் இருக்கும் அறைக்குள் எரியும் தீ.

1997 பிப்ரவரி 23 அன்று ரஷ்யாவின் மிர் நிலையத்தில் ஆறு பேர் இருந்தார்கள். வழக்கமான கருவிகளால் அத்தனை பேருக்கும் ஆக்சிஜன் போதாது என்பதால் லித்தியம் பெர்குளோரேட் அடைத்த உருளை ஒன்றைக் கொளுத்தினார்கள். அதை ஆக்சிஜன் மெழுகுவத்தி என்றே சொல்லலாம்: சூடானால் ஆக்சிஜன் விடும். அன்று அது தீயையும் சேர்த்து விட்டது. தன் ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொண்டு பீய்ச்சியடிக்கும் நெருப்பை நுரையும் தண்ணீரும் என்ன செய்யும்? தப்பிக்க இருந்த இரண்டு சோயுஸ் கலங்களில் ஒன்றுக்குப் போகும் வழியில் தீ நின்றது. புகையில் எதிரே நீட்டிய கை தெரியவில்லை. தொண்ணூறு வினாடிதான் எரிந்தது என்று முதலில் அறிவித்தார்கள். உள்ளே இருந்த அமெரிக்க வீரர் ஜெர்ரி லினெஞ்சர் கணக்கில் அது பதினான்கு நிமிடம். உருளையின் மருந்து தீர்ந்து தீ அடங்கியது, ஆறு பேரும் பிழைத்தார்கள்.

எடையற்ற அறையில் தீயின் குணமே வேறு. பூமியில் சுடருக்கு நுனி இருப்பது, சூடான காற்று இலேசாகி மேலே போவதால். மேல், கீழ் என்பதே இல்லாத இடத்தில் சூடான காற்று எங்கே போகும்? சுடர் உருண்டையாகி, நீலமாகி, தன் புகையைத் தானே சுற்றிப் போர்த்திக்கொண்டு, ஆக்சிஜன் மெல்லக் கசிந்து வரும் வேகத்தில் சோம்பலாக எரியும். 1996-இல் மிர் நிலையத்தில் ஷானன் லூசிட் என்ற விண்வெளி வீராங்கனை ஏற்றிப்பார்த்த மெழுகுவத்திகளில் சில முக்கால் மணி நேரம்வரை எரிந்தன. ஆனால் விசிறி போட்டு அறையில் காற்றோட்டம் கொடுத்தால் சோம்பல் போய்விடும். அதனால்தான் விண்வெளி நிலையத்தில் தீ என்றால் முதல் வேலை காற்றோட்டத்தை நிறுத்துவது. புகை உணரிகளையும் கூரையில் மாட்டிப் பயனில்லை. புகை மேலே போகாது. காற்று ஓடும் குழாய்வழியில் வைக்கிறார்கள். எதற்கும் அடங்காவிட்டால் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு: ஆட்கள் வெளியேறி, கதவை அடைத்து, அந்த அறையின் காற்றை விண்ணுக்குத் திறந்துவிடுவது. வெற்றிடமே தீயணைப்பு வண்டி.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009 முதல் ஹெப்டேன் என்ற எரிபொருளின் துளிகளைக் கொளுத்தி ஆராய்ந்தபோது இன்னொரு வினோதம் தட்டுப்பட்டது. சுடர் அணைந்துவிட்டது, கேமராவில் ஒன்றுமில்லை. ஆனால் துளி தொடர்ந்து சுருங்கிக்கொண்டே போனது. கண்ணுக்குத் தெரியாமல், வழக்கமான தீயின் சூட்டில் பாதிகூட இல்லாத ஒரு குளிர்ந்த தீ அதைத் தின்றுகொண்டிருந்தது. டீசல் எஞ்சினுக்குள் கணநேரம் வந்துபோகும் இப்படிப்பட்ட தீயை நிறுத்திவைத்துப் பார்க்க முடிந்தது அங்கேதான். அணைந்துவிட்டது என்று தோன்றும் தீ அணையாமல் இருக்கலாம் என்றால், மூடிய அறைக்குள் மாதக்கணக்கில் வாழ்கிறவர்களுக்கு அது நிம்மதி தரும் செய்தி அல்ல.

பெரிய தீயை ஆளிருக்கும் நிலையத்தில் கொளுத்திப் பார்க்க முடியாது. நாசா அதற்கு ஒரு தந்திரம் செய்தது. நிலையத்துக்குச் சாமான் கொண்டுவரும் சிக்னஸ் கலம், திரும்பும்போது குப்பையை நிரப்பிக்கொண்டு போய்க் காற்றுமண்டலத்தில் விழுந்து அழிவது வழக்கம். எப்படியும் சாகப்போகிற கலம்தானே என்று அதன் வயிற்றில் ஒரு பெட்டியை வைத்து, நிலையத்தைவிட்டு விலகிய பிறகு தரையிலிருந்து ஆணை அனுப்பிக் கொளுத்தினார்கள். 2016 ஜூனில் நடந்த முதல் சோதனையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் துணி எரிந்தது. சஃபையர் என்ற இந்தத் தொடரில் ஆறு சோதனைகள். கடைசி 2024 ஜனவரியில். ஒவ்வொரு முறையும் படமும் அளவுகளும் பூமிக்கு வந்து சேரும்வரை கலம் சுற்றிக்கொண்டிருக்கும். அதன்பின் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கும். முன்னால் நசுங்கும் காற்று கொதித்து, அதன் சூட்டில் கலம் உருகி உதிரும். எரிந்து விழுந்தது என்றுதான் செய்தியில் எழுதுவார்கள்.